ஐந்தரைக் கட்டை

இந்தக் கதையை எட்டு வருஷமாகத் தண்டபாணி நம்பவில்லை. நம்பவில்லை என்று அடித்துச் சொல்லவும் அவரால் முடியாது. நம்பிக்கொண்டே சந்தேகப்பட்டார், அல்லது சந்தேகப்பட்டுக்கொண்டே போன இடமெல்லாம் தானும் அதையே சொல்லித் திரிந்தார். இப்போது அது கூடத்தில், அவர் மனைவி மரகதத்தின் வாயிலிருந்து, இன்னொரு முறை புறப்படத் தயாராக இருந்தது. சபாவிலிருந்து வந்திருந்த பெண், தாட்சாயணி, இருபத்து நாலு வயது இருக்கும், கைபேசியை டீப்பாயில் வைத்துப் பதிவாகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, “சொல்லுங்கம்மா, அந்த ராமநவமிக் கச்சேரியிலேருந்தே ஆரம்பிச்சிடலாம்” என்றாள். அடுத்த வாரம் நாதப்ரியா சபா அவருக்குப் பட்டம் கொடுக்கிறது. பட்டத்துக்கு ஒரு விழா மலர். மலரில் அவருக்கென்று நாலு பக்கம், அதில் முதல் பக்கம் முழுக்க இந்தக் கதை. ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டுமாம். மூன்று பத்து ஆகியிருந்தது. உள் அறையில் பாயில் உட்கார்ந்து, மடியில் வயலினைக் கிடத்தி, நாளைக்கு ஒரு பெண்ணின் பாட்டுக்கு வாசிப்பதற்காகப் பழைய தந்திகளைக் கழற்றிக்கொண்டிருந்தார் தண்டபாணி. கதவு ஒருக்களித்திருந்தது. மூடிவிடலாம். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் மூடிவிடலாம். மூடினால் மரகதம் கவனிப்பாள், ஏன் மூடினார் என்று நினைப்பாள், அப்படி நினைக்கிறாளா என்று இவர் அவள் முகத்தைப் பார்ப்பார், அதை அவள் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வேவு பார்க்க எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். எழுந்திருக்காமல் முதல் தந்தியின் நுனியைப் பிருடையின், அந்த முறுக்காணியின், துளையில் நுழைத்தார். வேண்டாம் என்றாலும் காது அந்தப் பக்கமே போயிற்று.

“அன்னிக்குக் காலையில பத்து மணிக்குத்தான் எங்களுக்கே தெரியும்மா” என்று மரகதம் ஆரம்பித்தாள். எப்போதும் இந்த வாக்கியம்தான் முதலில் வரும். பத்து மணி. ஒருநாள்கூட ஒன்பதரை என்றோ பதினொன்று என்றோ அவள் சொன்னதில்லை. “பெருகமணி சீனிவாசன்னு பெரிய வித்வான், உறையூர்ப் பந்தல்ல அவர் பாடறதா நோட்டீஸெல்லாம் ஒட்டியாச்சு. தொண்டை கட்டிக்கிச்சு, காத்துதான் வருது. கமிட்டிக்காரங்க வேர்த்து விறுவிறுத்து எங்க லோகாம்பாள் அம்மாகிட்ட வந்து நின்னாங்க. நான் அப்ப அம்மாகிட்ட பாட்டு கத்துக்கிட்டு, கச்சேரிக்கெல்லாம் பின்னாடி உக்காந்து தம்புரா போடுறவ. அம்மா சரின்னுட்டாங்க. பக்கவாத்தியக்காரங்களுக்கு யாரு போய்ச் சொல்றது? என்னைத்தான் அனுப்பினாங்க. ஆம்பளைப் பாட்டு வேற, பொம்பளைப் பாட்டு வேற, உனக்குத் தெரியுமில்ல?” அந்தப் பெண் தெரியாது என்றாள். மரகதம் விளக்கினாள். நன்றாகவே விளக்குவாள். ஆண் பாடினால் சுருதி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண் பாடினால் ஐந்து, லோகாம்பாளுக்கு ஐந்தரை. அவ்வளவு உயரத்தில் நிற்க மெல்லிய தந்தி வேண்டும். ஒன்றரைக்குக் கட்டிய தடித்த தந்தியை ஐந்தரைக்கு முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும். இப்போது மாதிரி ஆளுக்கு இரண்டு வயலின் அன்றைக்கு யாரிடம் இருந்தது, இருந்தது ஒன்று, அதில்தான் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். “மிருதங்கக்காரர் வீட்டுல நேர்லயே சொல்லிட்டேன். வயலின் சீதாபதி. அவர் வீட்டுல இல்ல. கீழ்வீட்டு அம்மாகிட்ட, இந்த மாதிரி, பாட்டு மாறிப்போச்சு, அஞ்சரைக் கட்டைன்னு சொல்லிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த அம்மா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துட்டுது. எழுந்து பார்த்தா அவரு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிப் போயாச்சு!” தாட்சாயணி சிரித்தாள். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கீழ்வீட்டு அம்மாள். அவளுக்குப் பெயர் உண்டா? கச்சேரி நடந்த இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் மரகதம் ஒருமுறையும் அவள் பெயரைச் சொன்னதில்லை. பெயர் இல்லாத, தூக்கம் மட்டும் உள்ள ஒரு பெண்பிள்ளை. உறையூரில் அந்தத் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தாளா என்று பார்க்க ஒரு நாள் தண்டபாணி ஸ்கூட்டரில் போகவும் செய்தார். அந்த இடத்தில் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி.

தந்தி ஏறியது. பிருடையை அழுத்தித் திருகினார். கைபேசியில் தம்புராவை ஐந்தரைக்கு வைத்து ஒரு முறை வில்லை இழுத்துப் பார்த்தார், இன்னும் முக்கால் கட்டை கீழே. சீதாபதி இவரைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள், நடேசன் சாரிடம். சாருக்கு ஒரு வழக்கம். அன்றைய பேப்பரை எடுத்து வரி விளம்பரப் பக்கத்தைப் பிரிப்பார். “கிராப்பட்டியில் இரண்டு படுக்கையறை, குடிநீர் உண்டு, சைவம் மட்டும்” என்று தோன்றிய ராகத்தில் இழுத்துப் பாடுவார், முகாரியில் வீடு வாடகைக்கு விடுவார், அடாணாவில் மணமகன் தேடுவார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதை வயலினில் தொடர வேண்டும். கீர்த்தனம் என்றால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும், அதனால் உங்களுக்குக் காது மழுங்கிப்போகும், விளம்பரம் என்றால் எவனுக்கும் தெரியாது என்பார். பாடுகிறவருக்கு ஒரு மயிரிழை பின்னால் போக வேண்டும். பின்தங்கினால் “என்ன, தபால்ல வருதா?” என்பார். முந்தினால் அதைவிட மோசம். வில்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “ஜோசியம் பாக்குறியாடா?” என்பார். சீதாபதி பின்தங்குவான். அழகாகப் பின்தங்குவான், கேட்டு, உள்வாங்கி, பிறகு வாசிப்பான், அதில் ஒரு மரியாதை இருக்கும். தண்டபாணி முந்துவான். சார் மூச்சை இழுக்கிற விதத்திலேயே அவர் எங்கே போகப்போகிறார் என்று கைக்குத் தெரிந்துவிடும். தலைக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அடி வாங்கி வாங்கி, தெரிந்ததைத் தெரியாதது போல வாசிக்கப் பழகினான். முன்கூட்டித் தெரியும், ஆனால் அரை விநாடி காத்திருந்து, இப்போதுதான் கேட்டது போல வாசிக்க வேண்டும். பக்கவாத்தியம் என்றால் வேறென்ன? அந்தத் திறமைக்குத்தான் இத்தனை வருஷம் கைதட்டினார்கள், அதற்குத்தான் அடுத்த வாரம் பொன்னாடை. தெரிந்ததை மறைக்கிற வித்தை. தண்டபாணி வில்லைக் கீழே வைத்தார். இதை ஏன் இப்போது நினைக்கிறேன்? இரண்டாவது தந்தியை உறையிலிருந்து உருவினார். ஏறியிருந்த முதல் தந்தி அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. புதுத் தந்தி அப்படித்தான். கட்டிய நாளில் நிற்கவே நிற்காது, இழுபட்டு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு ராத்திரி கிடந்தால்தான் அடங்கும். அதனால்தான் நாளைக் கச்சேரிக்கு இன்றே கட்டுகிறார். எந்த வயலின்காரனும் அப்படித்தான் கட்டுவான்.

கூடத்தில் கதை பந்தலுக்குப் போயிருந்தது. சீதாபதி வழக்கம்போலக் கடைசி ஐந்து நிமிஷத்தில் வருகிறான். மேடையில் லோகாம்பாளைப் பார்த்துத் திகைக்கிறான். வேறு வழியில்லாமல் இருக்கிற தந்தியை முறுக்குகிறான். “பட்டுனு ஒரு சத்தம்மா! மைக்குல பட்டாசு வெடிச்ச மாதிரி கேட்டுச்சு. ரெண்டாவதும் போச்சு. கன்னத்துல கோடு போட்டு ரத்தம். சனம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு.” சிரித்தார்கள், அது உண்மை. நாலாவது வரிசையில் உட்கார்ந்து தண்டபாணியும் பார்த்தான். தான் சிரித்தானா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. சீதாபதி கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பு வந்த திசையைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தான், நாலு தந்தியையும் தாங்குகிற அந்தச் சின்னக் கட்டை விழுந்து கிடந்தது, அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “அப்பத்தான் நான் அம்மா காதுல போய்ச் சொன்னேன், பொன்மலைத் தண்டபாணி அங்க உக்காந்திருக்கு, கையில பெட்டி இருக்குன்னு. கூப்பிடுன்னாங்க. இவரு எழுந்து வந்தாரு பாரு, மாப்பிள்ளை அழைப்புல வர்ற மாதிரி!” வில்லுக்கு முடி கட்டக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்த வழியில் பந்தலுக்குள் நுழைந்தான், அதனால்தான் கையில் பெட்டி. அதில் சந்தேகம் இல்லை, அதை அவர் ஒப்புக்கொள்வார், கடைக்காரர் உயிரோடு இருந்தவரை அவரும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த வயலினில் ஏற்கனவே மெல்லிய தந்தி. ஐந்தரைக்கு. இரண்டு பிருடையைத் தொட்டதும் சேர்ந்துவிட்டது. இரண்டே முக்கால் மணி நேரம். கச்சேரி முடிந்து லோகாம்பாள் இவன் பக்கம் திரும்பி, “தந்தி கல்லு மாதிரி நின்னுதே தம்பி, ஒரு தடவைகூட கையைப் பிருடைக்குக் கொண்டு போகலியே நீ” என்றார். அடுத்த மாதம் கும்பகோணம், அதற்கடுத்து ஏழு வருஷம் அவர் போன ஊரெல்லாம். ரயிலில் இரண்டாம் வகுப்பில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, சத்திரத்தில் மிருதங்கக்காரரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, “பொம்பளைக்கு வாசிக்கிறவன்” என்ற கேலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மேலே வந்தான். அந்தப் பாராட்டு ஒன்றுதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. ஜுரத்தில் கிடந்தபோதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டான், கல்லு மாதிரி நின்னுதே. இருபத்தைந்து வருஷம் அதைத் தேன்மிட்டாய் போல வாயில் போட்டுச் சுவைத்துவிட்டு, ஒருநாள் இதே அறையில், இதே பாயில், தந்தி மாற்றிக்கொண்டிருக்கும்போது கடித்த இடத்தில் கல் இருந்தது. கல்லு மாதிரி நின்றதென்றால் அது புதுத் தந்தி இல்லை. அன்று கட்டிய தந்தி இல்லை. முந்தின நாளே கட்டியது. பாட்டு மாறியது தெரிந்ததோ காலை பத்து மணிக்கு.

“அது சரிம்மா,” என்றாள் தாட்சாயணி, பேனாவை நிறுத்திவிட்டு, “சார் வயலின்ல மட்டும் எப்படி லேடீஸ் சுருதி ரெடியா இருந்துச்சு?” கெட்டிக்காரப் பெண். இத்தனை வருஷத்தில் நிருபர்கள், ரசிகர்கள், வானொலிக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. தண்டபாணியின் விரல் பிருடையிலேயே நின்றது. மரகதம் தயங்கவில்லை. தயங்கவில்லை என்பதைக் கவனித்தார். “அவங்க அக்கா இருக்காங்கல்ல, தையல்நாயகி, அவங்க நல்லாப் பாடுவாங்க. அவங்களுக்கும் அஞ்சரைதான். அந்த வாரம் பூரா அக்கா பாட இவரு கூட வாசிச்சுப் பழகிட்டிருந்தாரு. கடவுள் செயல்னுதான் சொல்லணும்.” எழுதிக்கொண்டாள். பேனா போகிற சத்தம் உள்ளே கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தார். அக்கா பாடுவாள், உண்மை. அவளுக்கு ஐந்தரை, அதுவும் உண்மை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகனுக்குப் பெண் பார்த்தபோது அவன் ஜாதகத்தை இவர் கையில் கொடுத்து நகல் எடுத்து வரச் சொன்னார்கள். கடையில் மெஷின் முன்னால் நின்று, சும்மா, கண் போன போக்கில் படித்தார். கச்சேரி நடந்த அதே வருஷப் பங்குனி, வளர்பிறைச் சஷ்டி. நவமிக்கு மூன்று நாள் முன்னால். நகல் எடுக்கிற பையன், “எத்தனை காப்பி சார், எத்தனை காப்பி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த வாரம் அக்கா பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தலைச்சன், ஆயுதம் போட்டு எடுத்தார்கள், தையல் பிரிக்கப் பத்து நாள். தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததே இவர்தான். எந்த அக்கா பாடினாள்? எந்தப் பாட்டுக்கு வாசித்தான்? கேவலம், அந்தக் கதையில் அக்காவை முதலில் நுழைத்தது மரகதமா, தானா என்றுகூட இப்போது தெரியவில்லை. தான்தான் என்று ஒரு சந்தேகம். கல்யாணமான புதிதில் யாரோ கேட்டபோது, “அக்கா கூட வாசிச்சுக்கிட்டிருந்தேன் போலிருக்கு” என்று சொன்னது போல ஒரு மங்கல். போலிருக்கு. அந்தப் ‘போலிருக்கு’ தேய்ந்து உதிர்ந்துபோய், வாரம் பூரா என்று ஆகிவிட்டது.

சரி, பத்து மணி பொய். அதுவும் அவருக்குத் தெரியும். பல வருஷம் கழித்துப் பெருகமணிக்காரர் ஒரு ரயிலில் எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, “உன் அதிர்ஷ்டம் என் தொண்டையிலப்பா, முந்தின நாளே குரல் போயிட்டது, அன்னிக்குச் சாயங்காலமே கமிட்டிக்குச் சொல்லி அனுப்பிட்டேன்” என்றார். அன்று சாயங்காலமே கமிட்டிக்குத் தெரியும் என்றால் லோகாம்பாளுக்குத் தெரியும். லோகாம்பாளுக்குத் தெரிந்தால், அங்கேயே காலையும் மாலையும் கிடக்கிற தம்புராக்காரிக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு. அங்கே மரகதத்தைப் பார்த்தான், இதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அவள் செருப்பு வார் அறுந்திருந்தது, அதை ஊக்குக் குத்தி நடக்கப் பார்த்து, நடக்க வராமல், கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். அப்போது அவளுக்கும் இவனுக்கும் ஒன்றும் இல்லை. பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஒன்றும் இல்லையா? “நாளைக்குக் கச்சேரிக்கு வர்றீங்களா?” என்றாள். “பெருகமணிக்காரர் பாட்டு, வராம?” என்றான். அவள் ஏதோ சொன்னாள். பஸ் ஒன்று அப்போதுதான் உறுமிக்கொண்டு பின்பக்கமாக எடுத்தது. அவள் வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது, செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை. பாட்டு மாறிப்போச்சு என்றாளா? அம்மா பாடறாங்க என்றாளா? வாத்தியத்தோட வாங்க என்றாளா? எட்டு வருஷமாக அந்த வாயை இவர் அசைத்துப் பார்க்கிறார், எந்தச் சொல்லைப் போட்டாலும் பொருந்துகிறது. சொல்லியிருந்தால், சீதாபதிக்கு ஏன் சொல்லவில்லை? கீழ்வீட்டு அம்மாளைத் தூங்க வைத்தது யார்? எனக்காகச் செய்தாளா? அப்போது நான் யார் அவளுக்கு? அவனுக்கு எதிராகச் செய்தாளா? நடேசன் சார் வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை சீதாபதி அவளைப் பார்த்து, “தம்புரா சுருதி சேராம நாலு நாழியா இழுக்குது, பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு” என்றான், எல்லாரும் சிரித்தார்கள். இதற்கா? ஒரு கேலிக்கு ஒருவன் வாழ்க்கையா? அல்லது கேலி இல்லையா அது, கொஞ்சலா, அந்த இருவருக்கும் இடையில் வேறு ஏதாவது இருந்து முறிந்ததா, தான் அந்த முறிவில் நுழைந்தவனா? அவள் தன்னைத் தேர்ந்தெடுத்தது தன்னை விரும்பியா, தான் செய்ததைத் தானே நியாயப்படுத்தியாக வேண்டும் என்றா? பத்துப் பேர் சாப்பிடும் பந்தியில் யாரோ காதைக் கடித்த மாதிரி ஒரு யோசனை வந்தால் மனுஷன் அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? நடத்தினார். பிள்ளையை அமெரிக்கா அனுப்பினார். அவளுக்கு முட்டி வலி வந்தபோது ராத்திரி எண்ணெய் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, இந்தக் கால்தான் அன்று வெறுங்காலோடு நின்றது என்று நினைத்தார். நாலாவது தந்தியை ஏற்றியபோது மூன்றாவது இறங்கியிருந்தது. மறுபடியும் மூன்றாவதற்கு வந்தார்.

“சீதாபதி சார்கிட்டயும் பேசிட்டேன்மா,” என்றாள் தாட்சாயணி. “புதுக்கோட்டையில இருக்கார். கூட்டுறவு சொசைட்டியில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆயிட்டாராம். அவர் சொன்னதா ஒரு வரி இருக்கட்டுமேன்னு போன் பண்ணேன். ரொம்ப நேரம் சிரிச்சார்.” மரகதம், “என்ன சொன்னாரு?” என்று கேட்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்? தண்டபாணி எண்ணவில்லை, ஆனால் ஒரு தாள ஆவர்த்தனம் இருக்கும். “‘மரகதம் என்ன சொல்லுதோ அதையே எழுதிக்கம்மா, நான் மாத்திச் சொல்ல மாட்டேன்’னார். அப்புறம், ‘சுருதி விசாரிக்காம மேடை ஏறினது என் தப்புதான்’னு போடச் சொன்னார். ‘விழாவுக்கு வாங்க சார்’னேன். ‘வயலினை வெச்சுப் பேத்தி விளையாடிட்டிருக்கு, நான் வந்து என்ன பண்றது’ன்னார்.” அவன் தப்பு. அந்தக் கச்சேரிக்குப் பிறகு ஊரில் அவனுக்கு அந்தப் பெயர்தான் நின்றது, சுருதி தெரியாமல் வந்தவன். கமிட்டிக்காரர்கள் கைதட்டிச் சிரித்துச் சொல்வார்கள். ஒரு வருஷம் பார்த்தான், கூப்பிடுவார் இல்லை, சொசைட்டியில் சேர்ந்தான். இனி அதுவே அச்சில், பளபளப்பான தாளில், அவனே சொன்னதாக மேற்கோள் குறிக்குள் வரப்போகிறது, அவன் பேத்தியும் ஒருநாள் படிக்கும். ஏன் ஒப்புக்கொள்கிறான்? தெரியாததால் ஒப்புக்கொள்கிறானா, எல்லாம் தெரிந்ததால் ஒப்புக்கொள்கிறானா? நான் மாத்திச் சொல்ல மாட்டேன் என்றால் மாற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? “நல்ல மனுஷன்” என்றாள் மரகதம். குரல் சரியாகத்தான் இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது. “காபி போடட்டுமா உனக்கு?” என்று எழுந்தாள். முட்டி நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தின் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்தது அவருக்கு, அதுதான் ஆச்சரியம், அந்தச் சந்தேகத்தின் நடுவில், அதே இடத்தில்.

தண்டபாணி வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். தாட்சாயணி எழுந்து நின்றாள். “சார், எழுதினதை ஒரு தடவை படிச்சுடறேன், ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க” என்று, அவர் உட்கார்வதற்குள் படிக்க ஆரம்பித்தாள். “‘அன்று காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது...’” பத்து மணி, கீழ்வீட்டு அம்மாள், பட்டாசு, தமக்கையுடன் பயிற்சி, இறைவன் செயல், சுருதி விசாரிக்காமல் மேடை ஏறியது என் தவறு. நல்ல தமிழில் எழுதியிருந்தாள். எங்கும் இடறவில்லை. கேட்கக் கேட்க அது நடந்தது போலவே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், பிறகு இதுதான் நடந்தது, இதற்கு மேல் யாரும் எதையும் மாற்ற முடியாது, இவரே முயன்றாலும் வயதான காலத்தில் உளறுகிறார் என்பார்கள். “சரியா இருக்கா சார்?” அவர் மரகதத்தைப் பார்த்தார். அவள் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று, அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக? “ஒரு பத்து நிமிஷம் இரும்மா” என்றார். “பிரஸ்ல திட்டுவாங்க சார்” என்றாள் அவள். சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அடித்தது. “பாத்தீங்களா, அவங்கதான்!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பேசுவதற்காக பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துவிட்டாள். அவள் அங்கே கையை ஆட்டி ஆட்டி யாரையோ சமாதானம் செய்வது சத்தமில்லாமல் தெரிந்தது.

மரகதம் டம்ளரை டீப்பாயில் வைத்தாள். “என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” இல்லை என்று தலையாட்டினார். எட்டு வருஷமாகக் கேள்வியைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் எத்தனை விதம். நீ சீதாபதி வீட்டுக்குப் போனியா இல்லையா. கீழ்வீட்டு அம்மா பேர் என்ன. நீ ஏன் அப்படிச் செஞ்சே. எல்லாம் நீ, நீ என்றே ஆரம்பிக்கும். குளிக்கும்போது, ரயிலில், அவள் தூங்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லா இடத்திலும் ஒத்திகை பார்த்த கேள்விகள். இப்போது வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை. கைதான் வந்தது, தன் கை. இருபத்து மூன்று வயதுக் கை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசல் விளக்கு வெளிச்சத்தில், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகு, அப்பா சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்கிறார், “இப்ப எதுக்குடா தந்தி மாத்துறே?” என்று கேட்கிறார், அந்தக் கை நிற்காமல் மெல்லிய தந்தியைத் துளையில் நுழைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு என்ன பதில் சொன்னான்? இது உண்மையில் நடந்ததா, இல்லை, இந்த நிமிஷம் தன் மனமே முந்திக்கொண்டு வாசிக்கிறதா? “மரகதம்” என்றார். அவள் எதிரே உட்கார்ந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. “அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல,” என்றார். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை, கண் மட்டும் பால்கனிப் பக்கம் போய் வந்தது. “கேளுங்க” என்றாள். கேளுங்க என்றாள், என்னது என்று கேட்கவில்லை. இதற்காக அவளும் எத்தனை வருஷம் காத்திருந்தாளோ. “நீ என்ன செஞ்சேன்னு நான் கேக்கலை. அது எனக்கு வேண்டாம். உனக்குத்தான் ஞாபகம் இருக்கும், எனக்கு இல்லை, அதனால கேக்கறேன்,” என்றார் தண்டபாணி, “மறுநாள் சீதாபதிக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்சுதான் நான் தந்தி மாத்தினேனா?”